கிராமத்தார் மூடிய கடலைத் திறப்பது எப்போது, யார் சொல்லி? – ஃபிஜியின் தம்புப் பகுதிகள் குறித்து ஒரு கேள்வி

கேள்வி – நெய்தல்மாணவி

வணக்கம். நான் ஃபிஜியின் தலைநகரான சுவாவில் கடலோர வள மேலாண்மை படித்து வருகிறேன். வனுவா லேவு தீவின் கடற்கரைக் கிராமம் ஒன்று தன் பவளத்திட்டின் ஒரு பகுதியை மீன்பிடியிலிருந்து விலக்கி வைக்க முடிவு செய்திருக்கிறது. அந்த ஊருக்குத் துணையாகச் செல்லும் குழுவில் உதவியாளராக ஆறு மாதம் தங்கப் போகிறேன்.

இந்நாட்டைப் பற்றி அறியாதவர்களுக்குச் சிறு முன்னுரை தேவைப்படும். ஃபிஜியில் கரையோரக் கடல் 'கோலிகோலி' எனப்படும் மரபு மீன்பிடி எல்லைகளாகப் பிரிக்கப்பட்டு, 400-க்கும் மேற்பட்ட எல்லைகள் அரசின் பதிவேட்டில் உள்ளன. கடலடி நிலம் அரசுக்கு உரியது; அங்கே மீன் பிடிக்கும் உரிமை அந்தந்தக் குலத்தாருக்கு உரியது. அந்த எல்லைக்குள் ஒரு பகுதியை ஊர்த்தலைவர் சடங்கு முறைப்படி விலக்கி வைத்தால் அது 'தம்பு' ஆகிவிடும். (ஆங்கில எழுத்தில் மட்டும் கண்டவர்கள் இதைத் 'தபு' என்று படிப்பார்கள். ஃபிஜி மொழியில் அந்த எழுத்துக்கு 'ம்ப' என்ற ஒலி.) பெருந்தலைவர் ஒருவர் இறந்தால் 100 இரவுகளுக்குக் கடலை விலக்கி வைத்து, பின்பு திறந்து, கிடைக்கும் மீனைக் கொண்டு விருந்து வைப்பது பழைய வழக்கம்.

என் ஐயம் இதுதான். இடத்தைத் தேர்வது, வரைபடம் தீட்டுவது, கூட்டம் நடத்துவது என்று மூடுவதற்கான வழிகளையெல்லாம் எங்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள். ஆனால் முதன்முறை அந்த ஊருக்குச் சென்றபோது ஒரு முதியவர், "மூடுவோம் அம்மா, அதில் தடையில்லை, திறப்பது எப்போது, யார் சொல்லித் திறப்போம்?" என்று கேட்டார். எங்கள் குழுவில் சிலர் 'ஒருபோதும் திறக்கக் கூடாது' என்கிறார்கள். ஊராரோ தேவாலயத் திருப்பணிக்கோ பள்ளிக் கட்டணத்துக்கோ பணம் தேவைப்படும் நாளில் திறக்கலாம் என்ற எண்ணத்தில்தான் மூடவே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. இதில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன். உரிமம் பெற்று அதே கடலில் தொழில் செய்யும் வெளியூர் மீனவர்களை எப்படி நடத்துவது என்பதையும் சொல்லுங்கள்.

மறுமொழி 1 – பவளத்திட்டு

அந்த முதியவரின் கேள்வியை உங்கள் குழு முதல் கூட்டத்திலேயே எடுத்துப் பேச வேண்டும். மூடும் நாளில் எல்லோரும் ஒன்றாக நிற்பார்கள். பிளவு வருவது திறக்கும் நாளில்தான். பசிபிக் தீவுகளின் கரையோரச் சூழலியலில் சில ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில், ஃபிஜியிலேயே நடந்த இரண்டு நிகழ்வுகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, தலைநகர் இருக்கும் பெருந்தீவான விட்டி லேவுவின் கிழக்குக் கரையில், வெராத்தா வட்டாரத்தில் உள்ள உதுனிவனுவா. அவ்வூர்ப் பெண்கள் கடல் வற்றும் நேரத்தில் சேற்றுத் திடலிலும் கடற்புல் வெளியிலும் 'காய்கோசோ' என்ற மட்டியைக் கிளறி எடுத்து, உண்டது போக மீதியை விற்று வந்தார்கள். 1990-களில் மட்டி சிறுத்தது. கூடை நிறையப் பல மணி நேரம் ஆயிற்று. 1997-இல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தாரின் துணையோடு ஊரார் தங்கள் கண்முன்னே இருந்த 24 ஹெக்டேர் பரப்பை 3 ஆண்டுகளுக்கு என்று மூடினார்கள். கடலில் கயிறு பிடித்து மட்டிகளை எண்ணும் முறையை ஊர்க்காரர்களுக்கே கற்றுக்கொடுத்தார்கள். 2004 வாக்கில் மூடிய பகுதிக்குள் மட்டிகளின் எண்ணிக்கை 13 மடங்கும், வழக்கம்போல் எடுத்துவந்த பக்கத்துப் பகுதியில் 5 மடங்கும் பெருகியிருந்ததாகப் பதிவாகியுள்ளது. மட்டி நடமாடும் உயிரன்று. ஆனால் அதன் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து போய் வேறிடத்தில் தங்கும். பருத்த தாய்மட்டிகள் ஓரிடத்தில் நெருங்கி இருந்தால் கருவுறுதலும் மிகும், வெளியே போய்ச் சேரும் குஞ்சுகளும் மிகும்.

உங்கள் கேள்விக்கு இதைவிட நெருக்கமானது அடுத்து நடந்தது. 3 ஆண்டுகள் முடிந்தபோது, திறக்கலாம் என்ற உரிமை கையில் இருந்தும் ஊரார் திறக்கவில்லை, மூடலை நீட்டித்தார்கள். எண்ணிப் பார்த்தவர்கள் அவர்களே. வெளியிலிருந்து வந்த ஒருவர் 'பெருகிவிட்டது' என்று அறிக்கை வாசித்திருந்தால், 'பெருகிவிட்டதென்றால் எடுத்துக்கொள்வோமே' என்று சொல்லியிருப்பார்கள் என்றே நான் கருதுகிறேன்.

இரண்டாவது, நீங்கள் போகவிருக்கும் வனுவா லேவுவின் வடகரையில், தாகாவ்லேவு பெருந்திட்டை ஒட்டிய கியா தீவு. அங்கும் ஒரு தம்புப் பகுதி மதிக்கப்பட்டு நன்றாக நிலைத்திருந்தது. 2008-இல் பொதுச்செலவுக்கு நிதி திரட்டுவதற்காக அதைத் திறந்து 5 வாரங்கள் தீவிரமாக மீன் பிடித்தார்கள். அதன் முன்னும் பின்னும் கணக்கெடுத்த ஆய்வாளர்கள், உணவு மீன்களின் எடையளவு கடுமையாகச் சரிந்ததையும், ஓராண்டு கழித்தும் அது மீளாததையும் பதிவு செய்தார்கள். பல ஆண்டுகள் சேர்த்தது சில வாரங்களில் போயிற்று. இதற்கு ஊராரைப் பேராசைக்காரர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஈட்டிக்கு அஞ்சாமல் வளர்ந்த மீன் மனிதனைக் கண்டு விலகும் கூச்சத்தை இழந்துவிடுகிறது. திறந்த முதல் நாட்களில் ஒவ்வொரு வீச்சும் பலிக்கும்போது 'இன்னும் ஏராளமாக இருக்கிறது' என்ற தோற்றம் எவருக்கும் வரும். எவ்வளவு எடுத்தால் நிறுத்துவோம் என்று முன்கூட்டி எழுதி வைக்காத ஊரில் அந்தத் தோற்றமே முடிவெடுத்துவிடும்.

ஆகவே 'திறக்கலாமா கூடாதா' என்பதைவிட, எந்த உயிருக்காக மூடுகிறீர்கள் என்பதைக் கேளுங்கள். மட்டிக்கு ஓரிரு ஆண்டு ஓய்வு பயன் தரும். கிளிஞ்சான் மீனுக்கு அதைவிடக் கூடுதல் காலம் வேண்டும். களவா மீன் மெல்ல வளர்ந்து காலம் தாழ்த்தி முட்டையிடுவது. அதற்காக மூடிய திட்டை 3 ஆண்டுக்கு ஒருமுறை திறந்தால் மூடியதன் பொருளே கெட்டுவிடும். களவாக்கள் கூடி முட்டையிடும் பருவத்தைக் காக்க, ஜூன் முதல் செப்டம்பர் வரை அவற்றைப் பிடிப்பதற்கும் விற்பதற்கும் 2018 முதல் நாடு முழுவதும் தடை இருப்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

மறுமொழி 2 – தெற்குஓதம்

மேலே எழுதியவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் திறப்பை ஓர் ஆபத்தாக மட்டும் காண்பது சரியாகாது. திறப்பதற்காகவே மூடிய ஒரு கடல், மக்களைப் பாதுகாப்பின் பக்கம் கொண்டுவந்த கதை மடகாஸ்கரில் இருக்கிறது. நான் அங்கு பார்வையாளனாகச் சென்று வந்தவன்.

தென்மேற்குக் கரையில் அந்தவடுவாக்கா என்ற ஊர். அங்கு வாழும் வேசோ மக்களுக்குக் கடலைத் தவிர வேறு பிழைப்பு அரிது. ஏற்றுமதிக்குப் பேய்க்கணவாய் வாங்குபவர்கள் வந்த பிறகு, வற்றுக்கடலில் திட்டின்மேல் நடந்து ஈட்டியால் குத்தி எடுக்கும் பெண்களுக்கு அது ரொக்க வருமானமாயிற்று. கூடவே பிடிபாடும் குறையத் தொடங்கியது. 2004 நவம்பரில் ஒரே ஒரு திட்டை, 7 மாதங்களுக்கு மட்டும், பேய்க்கணவாய்க்கு மட்டும் மூடினார்கள். இந்த உயிர் ஓராண்டளவே வாழ்ந்து, மிக விரைவாகப் பருக்கும். ஆகையால் சில மாத ஓய்வே எடையைப் பல மடங்காக்கிவிடுகிறது. பின்னர் அந்த வட்டாரத்தில் நடந்த 36 மூடல்களை ஆராய்ந்தபோது, திறந்ததை அடுத்த மாதத்தில் மூடிய இடங்களிலிருந்து வந்த பிடிபாடு 700 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்திருந்தது தெரியவந்தது.

திறப்பு நாளில் சிக்கல் எழுந்தது உண்மைதான். செய்தி பரவி அயலூரார் திரண்டு வந்தால், காத்திருந்தவர்களின் பலன் காத்திராதவர்களோடு பங்காகிவிடும். அதற்கு அவர்கள் கண்ட தீர்வு அருமையானது. பக்கத்துப் பக்கத்து ஊர்களும் தங்கள் திட்டுகளை மூடி, ஒரே நாளில் திறந்தார்கள். ஒவ்வொருவருக்கும் சொந்தக் கடலில் வேலை இருக்கும்போது பிறர் கடலுக்கு யார் போவார்? அந்த ஒருங்கிணைப்பு வளர்ந்து, 2006-இல் 20-க்கும் மேற்பட்ட ஊர்கள் சேர்ந்து வெலொன்ட்ரியாக்கே என்ற பெயரில் கடற்பகுதியை நிர்வகிக்கத் தொடங்கின. 'தினா' எனப்படும் ஊர்க்கட்டுப்பாட்டை எழுத்தில் கொண்டுவந்து, நீதிமன்றம் ஏற்கும் தகுதியையும் பெற்றார்கள். நிரந்தரமாக மூடிய திட்டுகளும் நச்சுச்செடி கொண்டு மீன் பிடிப்பதற்கான தடையும் இதன் பிறகு வந்தவை. முதல் நாளே 'இனி ஒருபோதும் திறக்க மாட்டோம்' என்ற நிபந்தனையோடு யாரேனும் அங்கே போயிருந்தால் பேச்சே தொடங்கியிருக்காது.

எனவே, உங்கள் ஊரில் விரைவாகப் பலன் தரும் ஓர் உயிருக்குச் சிறிய மூடல், களவாவுக்கும் கிளிஞ்சானுக்கும் வேறோர் இடத்தில் நீண்ட மூடல் என்று இரண்டையும் தனித்தனியே அமைக்க இயலுமா என்று பாருங்கள்.

மறுமொழி 3 – பழையஆசிரியர்

உரிமம் பெற்ற மீனவர்களைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. நான் விட்டி லேவுவின் மேற்குப் பகுதியில் பா நகரப் பக்கம் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன். என் மாணவர்களில் பலருடைய தந்தையர் மீன்பிடித் தொழிலில் இருந்தார்கள். அவர்களுள் சிலருடைய முன்னோர், 1903-க்குப் பிறகு கரும்புத் தோட்டங்களுக்காகச் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி வந்த தமிழர்களும் தெலுங்கர்களும்.

இவர்களுக்குக் கோலிகோலியில் பிறப்புரிமை கிடையாது. தூண்டிலும் ஈட்டியும் கொண்டு வீட்டுக்காகப் பிடிக்கலாம். விற்பதற்காகப் பிடிக்க வேண்டுமானால் உரிமம் வேண்டும். அதற்குக் கடலுரிமைக் குலத்தாரின் இசைவு வேண்டும். இசைவுக்கு ஈடாகத் தலைவருக்குப் பணம் தரும் பழக்கமும் பரவலாக உண்டு. இப்படிப் பணம் கட்டிய ஒருவரிடம் ஆண்டின் நடுவே 'அந்தத் திட்டு மூடப்பட்டுவிட்டது' என்றால், அவர் இரவில் வலையோடு வருவதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அவர் ஏன் வருகிறார் என்பது எனக்குப் புரியும். என்னிடம் படித்த ஒரு பையனின் தந்தை, தான் தொழில் செய்த இடம் விலக்கப்பட்ட செய்தியை, படகு பிடிபட்ட அன்றுதான் அறிந்தார். அந்தக் குடும்பம் பட்ட துன்பத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

கூட்டத்தில் அவர்களுக்கு வாக்கு இராது, மரபு அப்படி. ஆனால் செய்தியாவது முன்கூட்டியே சேர வேண்டும். உரிமத்துக்கு இசைவு தரும் தாளிலேயே மூடிய இடத்தின் எல்லையை எழுதிவிடலாம். அப்படி எழுதினால் உங்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஊர்த்தலைவர் அறிவித்த தம்பு மரபுக்குக் கட்டுப்பட்டவர்களைத்தான் தடுக்கும். அரசுச் சட்டம் அதை அப்படியே ஏற்பதில்லை. உரிமத்தின் நிபந்தனையை மீறினாலோ அது சட்ட மீறல் ஆகிவிடும். அரசு நியமிக்கும் ஊதியமில்லா மீன்காவலர்கள் அப்போது செயல்பட இடமுண்டு.

கடலுரிமை என்ற சொல் இந்நாட்டில் எவ்வளவு கனமானது என்பதையும் நினைவில் வையுங்கள். கோலிகோலியின் உடைமையையே குலத்தாருக்கு மாற்றித்தரும் சட்ட வரைவு 2006-இல் வந்தபோது எழுந்த கொந்தளிப்பு, அவ்வாண்டு டிசம்பரில் நடந்த இராணுவப் புரட்சிக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. வரைபடத்தில் நீங்கள் இழுக்கும் கோட்டைப் பக்கத்துக் குலத்தார் எப்படிப் படிப்பார்கள் என்று, ஊர் நிர்வாகத்தைக் கவனிக்கும் 'துராங்கா நி கோரோ'விடம் முதலில் கேளுங்கள்.

நெய்தல்மாணவி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியர் ஐயா சொன்னதைப் படித்தபின் ஓர் ஐயம் எழுகிறது. தம்புக்குச் சட்ட வலிமை இல்லையென்றால், அதை அரசிதழில் வெளியிட்டுச் சட்டப்படியான காப்பகமாக ஆக்கிவிடுவது நல்லதல்லவா? ஊரில் இதைச் சொன்னபோது சிலர் முகம் சுளித்தார்கள். காரணம் எனக்கு விளங்கவில்லை.

மறுமொழி 4 – பவளத்திட்டு

முகம் சுளித்தவர்களுக்கு நியாயம் இருக்கிறது. அரசிதழில் ஏறிவிட்டால் திறக்கும் அதிகாரம் ஊரைவிட்டுப் போய்விடும். அந்த முதியவரின் கேள்வியில் 'யார் சொல்லி' என்ற பகுதிதான் இது. சட்டத்தின் துணை கிடைக்கிறது. முடிவு கை மாறுகிறது. இரண்டையும் எடைபோட்டு ஊரார்தான் தேர வேண்டும்.

சில ஊர்கள் அறிந்தே அந்தப் பரிமாற்றத்தைச் செய்திருக்கின்றன. விட்டி லேவுவின் தென்கரையில் சுறாக்களைக் காண முக்குளிப்பவர்கள் வரும் ஒரு திட்டில், 2004-இல் ஊரார் மீன்பிடி உரிமையை விட்டுக்கொடுத்தார்கள். ஒவ்வொரு முக்குளிப்பாளரும் தரும் கட்டணம் அவ்வூர்களுக்குப் போகிறது. 2014-இல்தான் அது தேசியக் கடற்பூங்காவாக அரசிதழில் வந்தது. முதலில் பத்தாண்டுப் பழக்கம், பிறகு சட்டம் என்ற வரிசையைக் கவனியுங்கள். உங்கள் தீவிலேயே கும்புலாவ் வட்டாரத்து நமேனா காப்பகம் இருக்கிறது. முக்குளிப்பாளர்கள் வாங்கும் ஆண்டு வில்லையின் பணத்திலிருந்து அவ்வட்டாரப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை தருகிறார்கள். பள்ளிக் கட்டணத்துக்காகத் திட்டைத் திறக்கும் தேவையை இது ஓரளவு குறைக்கிறது. ஆனால் எல்லாத் திட்டுக்கும் சுற்றுலாப் பயணி வரமாட்டார். அத்தகைய வருமானம் வரும் என்று ஊருக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்த ஏமாற்றம் பல கிராமங்களில் முழு முயற்சியையும் கெடுத்திருக்கிறது.

முதல் மறுமொழியில் எழுதத் தவறிய ஒன்று. தம்புப் பகுதியை ஊருக்கு நேரெதிரே வைப்பது வழக்கம். காவல் காக்க எளிது, அயலார் நுழைந்தால் வீட்டுத் திண்ணையிலிருந்தே தெரியும். ஆனால் அந்தக் கரையோரம்தான் படகில்லாத பெண்களும் முதியவர்களும் வற்றுக்கடலில் நடந்து மட்டியும் நண்டும் பாசியும் எடுக்கும் இடம். இயந்திரப் படகு வைத்திருக்கும் ஆண்கள் வெளித்திட்டுக்குப் போய்விடுவார்கள்; மூடலின் சுமை படகில்லாதவர்மேல் விழும். சபைக் கூட்டத்தில் தலைவர்கள் மேற்புறம் அமர்ந்திருக்க, பெண்கள் வாயிற்புறம் அமர்ந்து யாரும் கேட்டாலன்றிப் பேச மாட்டார்கள். அந்தக் கூட்டத்தின் ஒப்புதலை ஊரின் ஒப்புதல் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். யங்கோனா (காவா) வேரை முன்வைத்து அனுமதி பெறும் சடங்கை முறைப்படி முடித்துவிட்டு, கூடையோடு பெண்களுடன் ஓரிரு ஓதம் கடலுக்கு நடந்து போங்கள். எந்தத் திடலை விட்டுக்கொடுக்க இயலும், எதை இயலாது என்பதை அவர்கள் காலால் காட்டிவிடுவார்கள். நீங்கள் பெண்ணாக இருப்பது இந்த இடத்தில் பெரிய உதவி.

நெய்தல்மாணவி

மிக்க நன்றி. எங்கள் வரைபடத்தில் குறித்திருக்கும் பகுதி நீங்கள் சொன்னபடியே ஊருக்கு நேரெதிர்க் கரையோரம்தான். அங்கு யார் நடந்து எடுக்கிறார்கள் என்று நாங்கள் கேட்கவே இல்லை. அடுத்த மாத அமாவாசையை ஒட்டிக் கடல் நன்றாக வற்றும் நாட்களில் போய்வர அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். எல்லைக் கோட்டை அதுவரை பென்சிலிலேயே வைத்திருக்க வழிகாட்டி ஒப்புக்கொண்டார். 'எந்த உயிருக்காக மூடுகிறோம், எந்த அளவை எண்ணிக்கை தொட்டால் திறப்பதைப் பற்றிப் பேசுவோம், எத்தனை நாள் திறப்போம், எவ்வளவு எடுத்ததும் நிறுத்துவோம், அயலாருக்கும் உரிமக்காரர்களுக்கும் யார் செய்தி சொல்வார்' என்ற ஐந்தையும் மூடும் சடங்குக்கு முன்பே சபை தன் மொழியில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று குழுவிடம் முன்வைக்கப் போகிறேன். அந்த முதியவரையே அந்தத் தாளை வாசிக்கச் சொல்லிக் கேட்கும் எண்ணமும் இருக்கிறது. அமாவாசை கழிந்து திரும்பியதும் இதே இழையில் எழுதுகிறேன்.